ஊர் திரும்பியவர்களின் பேரேடு

விவிலியத்தைப் படிப்பவர்களில் பலரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் சில உண்டு. பழைய ஏற்பாட்டில் எஸ்றா நூலின் 2-ஆம் அதிகாரம் அவற்றில் ஒன்று. கதை இல்லை, உபதேசம் இல்லை. "இன்னாருடைய புத்திரர் இத்தனை பேர்" என்று வரிசையாகப் பெயரும் எண்ணும் மட்டுமே. ஏறக்குறைய இதே பட்டியல் நெகேமியா நூலின் 7-ஆம் அதிகாரத்திலும் மறுபடி வருகிறது. ரயில்வே பொறியியல் பிரிவில் மஸ்டர் ரோலும் அளவுப் புத்தகமுமாகக் காலத்தை ஓட்டிய எனக்கோ, இந்த இரண்டு அதிகாரங்கள்தான் முதலில் கண்ணில் நின்றன. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் இரண்டு பட்டியல்களையும் பக்கத்துக்குப் பக்கம் எழுதி, வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் கண்டவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் வரலாறு

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் எருசலேமைப் பிடித்து, யூதா நாட்டு அரசன் யோயாக்கீனையும் அவனோடு பலரையும் சிறைபிடித்துச் சென்றான். மறுபடி கி.மு. 586 அளவில் நகரம் இடிக்கப்பட்டது, ஆலயம் எரிக்கப்பட்டது, மேலும் பலர் நாடு கடத்தப்பட்டனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். தமிழ் விவிலியத்தில் கோரேஸ் என்று வருபவன் இவனே. மறு ஆண்டில், யூதர்கள் ஊர் திரும்பி ஆலயத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவன் அனுமதி கொடுத்ததாக எஸ்றா நூல் சொல்கிறது.

சைரஸின் களிமண் உருளை ஒன்று 1879-இல் பாபிலோனில் கிடைத்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 2013 டிசம்பரில் மும்பை அருங்காட்சியகத்துக்கும் அதைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். நம் வாசகர்களில் சிலர் பார்த்திருக்கவும் கூடும். அதில் யூதர்களின் பெயர் இல்லை. ஆனால் இடம்பெயர்க்கப்பட்ட தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பியதாக மன்னன் அதில் சொல்லிக்கொள்கிறான். எஸ்றா சொல்வதற்கு இது பொருந்தியே வருகிறது.

வம்சத்தால் சிலர், ஊரால் சிலர்

பட்டியலைப் பார்த்தவுடன் ஒரு விஷயம் புலப்படும். முதல் 18 வரிகள் பெரும்பாலும் மூதாதையர் பெயரால் ஆனவை. பாரோஷின் புத்திரர் 2,172. செபத்தியாவின் புத்திரர் 372. சக்காயின் புத்திரர் 760 என்று போகிறது. அதன்பின் ஊர்ப் பெயர்கள் தொடங்குகின்றன. பெத்லகேம் 123, ஆனதோத் 128, எரிகோ 345. ஆக, சிலரைப் பாட்டன் பெயர் சொல்லி அடையாளம் கண்டார்கள். சிலரை ஊர் பெயர் சொல்லி.

நகரம் வீழ்ந்து 48 ஆண்டுகள் ஆகிவிட்டன. பாபிலோனில் பிறந்து, பாபிலோனில் வளர்ந்து, ஆனதோத்தைக் கண்ணாலும் பாராத பிள்ளைகள் எத்தனையோ பேர் "ஆனதோத் ஊரார்" என்ற அந்த 128-க்குள் இருந்திருப்பார்கள். பிறந்த இடம் எது என்று கேட்டால் ஒன்று சொல்லி, சொந்த ஊர் எது என்று கேட்டால் வேறொன்று சொல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெயர்களிலும் இடமாற்றத்தின் சுவடு தெரிகிறது. கூட்டத்தை நடத்திச் சென்ற செருபாபேலின் பெயருக்கே "பாபிலோனின் வித்து" என்று பொருள் சொல்வர். தலைவர்களில் ஒருவரான மொர்தெகாய் பெயரில் பாபிலோனியத் தெய்வமான மர்துக் ஒளிந்திருக்கிறார். பிக்வாய் என்பது பாரசீகப் பெயர். பெயர் அயலாருடையதாகிவிட்டாலும் ஆள் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டுத்தொகை இடிக்கிறது

இரண்டு நூல்களும் மொத்தம் 42,360 பேர் என்று ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் எஸ்றாவின் வரிகளைக் கூட்டினால் 29,818 தான் வருகிறது. நெகேமியாவைக் கூட்டினால் 31,089. முதலதில் 12,542 பேரும், இரண்டாவதில் 11,271 பேரும் துண்டு விழுகிறார்கள். பழைய யூத உரையாசிரியர்கள், மற்றக் கோத்திரங்களைச் சேர்ந்தவர்கள் தனி வரியில் வராமல் மொத்தத்தில் மட்டும் சேர்ந்தார்கள் என்று விளக்கம் தந்தார்கள். படியெடுக்கும்போது சில வரிகள் விழுந்திருக்கலாம் என்பது வேறு சிலர் கருத்து. அதற்குச் சான்றும் பட்டியலிலேயே உண்டு: தலைவர்கள் பெயர் எஸ்றாவில் 11, நெகேமியாவில் 12. நகமானி என்ற ஒரு பெயர் எஸ்றாவில் இல்லை.

இரண்டு பதிவேடுகள் ஒத்துப்போகாதபோது, "எவ்வளவு வித்தியாசம்" என்பதோடு "எப்படிப்பட்ட வித்தியாசம்" என்றும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதலில் கற்றுத் தரும் பாடம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இங்கே வித்தியாசங்கள் கன்னாபின்னாவென்று இல்லை. அதோனிகாம் குடும்பம் 666, மற்றதில் 667: ஒன்று கூடுதல். பெபாய் 623, 628: ஐந்து. சத்தூ 945, 845: சரியாக ஒரு நூறு. செனாகு 3,630, மற்றதில் 3,930: சரியாக மூன்று நூறு. அஸ்காத் 1,222, 2,322: ஓர் ஆயிரமும் ஒரு நூறும்.

இதற்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. எகிப்தில் நைல் நதியிலுள்ள எலெபன்டைன் தீவில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதர்களின் பாபிரஸ் ஆவணங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றைச் சிறு கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள். பத்துக்கும் இருபதுக்கும் நூறுக்கும் தனிக் குறிகள். நம் பால்காரர் சுவரில் கோடு போடும் முறைதான். எஸ்றா, நெகேமியா பட்டியல்களும் முதலில் இப்படிக் குறிகளால் எழுதப்பட்டு, ஓலை நைந்ததாலோ மை அழிந்ததாலோ ஒரு கோடு கூடவும் குறையவும் நேர்ந்தது என்று ஆல்ரிக் என்ற அறிஞர் 1954-இல் எழுதினார். ஒன்று, நூறு, ஆயிரம் என்று முழுசு முழுசாக எண்கள் விலகுவது அதனால்தான் என்பது அவர் வாதம்.

இன்னொன்றும் உண்டு. பாடகர், பாடகியர் எஸ்றாவில் 200, நெகேமியாவில் 245. இந்த 45 பேர் எங்கிருந்து வந்தார்கள்? எஸ்றாவில் அடுத்த வரியைப் பாருங்கள்: குதிரைகள் 736, கோவேறு கழுதைகள் 245! நெகேமியாவின் பழைய எபிரேயப் படிகள் பலவற்றில் குதிரை, கோவேறு கழுதை வரியே கிடையாது. படியெடுத்தவரின் கண் "200" என்ற இடத்திலிருந்து கீழ்வரியின் "200-க்கும் 45-க்கும்" தாவிவிட்டது. குதிரைகள் மறைந்தன, பாடகர்கள் பெருகினார்கள் என்று விளக்குகிறார்கள். மஸ்டர் ரோலை நகல் எடுத்த எந்தக் குமாஸ்தாவும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்.

நடந்தே போனார்கள்

42,360 பேரோடு வேலைக்காரர் 7,337, பாடகர் 200 என்று சேர்த்தால் 49,897. விலங்குகளோ குதிரை 736, கோவேறு கழுதை 245, ஒட்டகம் 435, கழுதை 6,720, ஆக 8,136. ஆறு பேருக்கு ஒரு விலங்குகூடச் சரியாக வரவில்லை. அதிலும் சாமான் ஏற்றியது போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? பெரும்பாலோர் நடந்துதான் போயிருக்க வேண்டும். நேரே மேற்கே போனால் பாலைவனம் என்பதால், யூப்ரடீஸ் நதியை ஒட்டி வடமேற்கே ஏறி, பிறகு சிரியா வழியாகத் தெற்கே இறங்க வேண்டும். ஏறக்குறைய 1,450 கி.மீ. பின்னாளில் எஸ்றா அழைத்துப் போன கூட்டம் முதல் மாதம் 12-ஆம் தேதி ஆற்றங்கரை முகாமிலிருந்து கிளம்பி ஐந்தாம் மாதம் முதல் தேதி எருசலேம் சேர்ந்தது. கணக்கிட்டால் சராசரி நாளொன்றுக்கு 13 கி.மீ. குழந்தை குட்டிகளோடு நடப்பவர்களின் வேகம் அதுதான்.

வராதவர்கள்

எல்லோரும் கிளம்பிவிடவில்லை. ஆசாரியர்கள் 4,289 பேர் வந்தபோது, ஆலயத்தில் துணைப் பணி செய்யும் லேவியர் 74 பேரே வந்தார்கள். 80 ஆண்டுகள் கழித்து, கி.மு. 458-இல் எஸ்றா கூட்டம் சேர்த்தபோது முகாமில் ஒரு லேவியர்கூட இல்லை. ஆள் அனுப்பிக் கேட்டபிறகே 38 பேர் வந்தார்கள்.

வராதவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதற்கும் இப்போது ஆதாரம் உண்டு. பாபிலோனியப் பகுதியில் "அல்-யாஹூது", அதாவது யூதாவூர், என்றே ஒரு கிராமம் இருந்தது. அதைச் சார்ந்த களிமண் ஏடுகள் பல 2014-இல் நூலாக வெளிவந்தன. கி.மு. 572 முதல் கி.மு. 477 வரை ஏறக்குறைய நூறு ஆண்டுகளைத் தழுவியவை அவை. குத்தகை, வரி, கடன், பேரீச்சை, பார்லி என்று அன்றாட விவகாரங்கள்தான். அகிகாம் என்பவர் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள் அவற்றில் தெரிகின்றன. வயலும் வரவுசெலவும் வேரூன்றிவிட்ட இடத்தைவிட்டுக் கிளம்புவது எளிதல்ல. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே சமயம், எஸ்றாவோடு வந்த 1,496 ஆண்களின் பட்டியலைப் பார்த்தால் பாரோஷ், பாகாத்மோவாப், பெபாய், பிக்வாய் என்று முதல் பட்டியலின் குடும்பப் பெயர்களே மீண்டும் வருகின்றன. ஒரே குடும்பத்தில் பாதி முன்னே போக, பாதி அங்கேயே தங்கி, பேரன் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தொடர்பு அறுபடாததால்தான் அது நடந்தது.

பெயர் கிடைக்காதவர்கள்

இந்த அதிகாரத்தில் என்னை அதிகம் நிறுத்திய பகுதி 59 முதல் 63 வரையுள்ள வசனங்கள். தெலாயா, தொபியா, நெகோதா என்ற மூன்று குடும்பத்தார் 652 பேர், தங்கள் தந்தை வழியை நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் அவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை. கூட்டத்தில் சேர்த்து, எண்ணி, எழுதியும் வைத்தார்கள்.

ஆசாரியரிலும் மூன்று குடும்பங்கள்: அபாயா, அக்கோஸ், பர்சிலாய். இதில் பர்சிலாய் வீட்டார் பெண் கொடுத்த வீட்டின் பெயரைத் தமதாக்கிக்கொண்டவர்கள். வம்ச அட்டவணையில் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடனே ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஆனால் ஆளுநர் ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்: ஊரீம், தும்மீம் கொண்டு இறைவனிடம் கேட்டறியும் ஆசாரியர் ஒருவர் எழும்பும் வரை பொறுத்திருங்கள் என்றார். ஆக, நீக்கம் இல்லை, நிறுத்தி வைப்பு.

பிறகு என்ன ஆனது? பேரேடு சொல்லவில்லை, மற்றப் பக்கங்கள் சொல்கின்றன. கி.மு. 445-இல் நெகேமியா மதிலைக் கட்டியபோது, அக்கோசின் வழிவந்த உரியாவின் மகன் மெரெமோத் ஒன்றல்ல, இரண்டு பகுதிகளைக் கட்டினான். எஸ்றா கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் ஆலயத்தில் நிறுத்து வாங்கிய ஆசாரியனும் உரியாவின் மகன் மெரெமோத்தே. கி.மு. 161 அளவில் ரோமாபுரிக்குத் தூது சென்ற யூப்பொலேமஸும் அக்கோசின் பேரன் என்று மக்கபேயர் முதல் நூல் குறிக்கிறது; அதே குடும்பம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏட்டில் கிடைக்காத பெயரை அந்தக் குடும்பம் உழைப்பால் திரும்ப எழுதிக்கொண்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஏடு பயன்பட்ட விதம்

மதில் எழும்பியதும் நகரம் பெரிதாகவும் குடிகள் குறைவாகவும் இருப்பதை நெகேமியா கண்டார். அப்போது அவர் தேடி எடுத்தது 90 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பழைய பேரேட்டைத்தான். பிறகு சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு ஒருவராக நகருக்குள் குடியமர்த்தினார்கள். யாரோ ஒரு கணக்கர் கோடு கோடாக எழுதி வைத்த பட்டியல், அவர் பேரன் காலத்தில் ஒரு நகரத்தை மறுபடி குடியேற்ற உதவிற்று. அதில் கூட்டல் இடித்தது, ஆனாலும் பயன்பட்டது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் ஊரைவிட்டு வந்து இரண்டு, மூன்று தலைமுறை ஆகிறது. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். ஒன்றில் வம்சம்: தாய்வழி, தந்தைவழி இரண்டும், தெரிந்த மட்டும். மற்றதில் ஊர்: கிராமம், தாலுகா, யார் எந்த ஆண்டில் எந்த வேலைக்காகக் கிளம்பினார்கள் என்பது. ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள். பின்னால் ஒருவர் நிரப்புவார். ஒரு படி எடுத்து உடன்பிறந்தார் வீட்டில் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. எஸ்றாவும் நெகேமியாவும் இரண்டு இடத்தில் எழுதி வைத்ததால்தானே, விழுந்த கோடுகளை இன்று நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது!