அரசி பூடிக்கா

இன்றைய கிழக்கு இங்கிலாந்தில் வாழ்ந்த ஐசீனி மக்களின் அரசர் பிரசுட்டாகஸ். குடும்பம் பிழைக்கட்டும் என்று, தம் இரு மகள்களோடு ரோமப் பேரரசர் நீரோவையும் வாரிசாக எழுதிவைத்தார். பலனில்லை. அவர் இறந்ததும் ரோமர்கள் நாடு முழுவதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் மனைவி அரசி பூடிக்காவைச் சாட்டையால் அடித்தார்கள். மகள்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள்.

கி.பி. 60, 61 வாக்கில் பூடிக்கா படை திரட்டிப் புறப்பட்டார். கோல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் ஆகிய மூன்று நகரங்களும் எரிந்தன. அங்கே குடியிருந்த சாதாரண மக்களும் கொல்லப்பட்டார்கள் என்பதை மறைக்க முடியாது. லண்டனில் ஆழத் தோண்டினால், அந்தத் தீயில் வெந்து சிவந்த மண் அடுக்கு இன்றும் தென்படுகிறது. கடைசிப் போரில் ரோமப் படையே வென்றது.

ஜான்சியின் கதையும் இதற்கு மிக நெருக்கமானது. மன்னர் கங்காதர ராவ் இறந்தபின், தத்துப்பிள்ளைக்கு அரசுரிமை இல்லை என்று சொல்லி, 1854-இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் டல்ஹவுசி அந்த நாட்டை ஆங்கிலேய ஆட்சியோடு இணைத்தார். ராணி லட்சுமிபாய் 1858-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர்க்களத்தில் வீழ்ந்தார். அதே ஆங்கிலேயரிடம் இந்தியா அடிமைப்பட்டிருந்த 1902-ஆம் ஆண்டில்தான், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே பூடிக்காவுக்கு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது.