கண்ணாடி மண்டபத்தில் ஒரு குரூபி

குழந்தைக் கதைகளில் குரூபிகளுக்கு ஒரு தலைவிதி உண்டு. கதை முடிவதற்குள் அவர்கள் அழகாகியே தீரவேண்டும். டென்மார்க் தேசத்து ஆண்டர்சன் 1843-இல் எழுதிய அவலக்ஷண வாத்துக் குஞ்சு கடைசியில் அன்னமாயிற்று. பிரெஞ்சுக் கதையில் வரும் மிருகம் அழகிய ராஜகுமாரனாக எழுந்து நின்றது. அகத்தழகே அழகு என்று முதலில் உபதேசம்; பிறகு, அந்த உபதேசத்தில் கதாசிரியருக்கே நம்பிக்கை இல்லாததுபோல், புறத்தழகையும் வெகுமதியாகக் கொடுத்து அனுப்புவது! குழந்தைகள் சூட்டிகையானவர்கள். இந்தக் கபடத்தை அவர்கள் கண்டுகொள்ளாமல் இருப்பார்களா?

அமெரிக்கச் சித்திரக்காரர் வில்லியம் ஸ்டைக் 1990-இல் வெளியிட்ட ‘ஷ்ரெக்!’ என்ற சிறு படப் புத்தகத்தில் இந்தக் கபடம் இல்லை. ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் 1930 முதல் விகடச் சித்திரம் வரைந்து வந்த ஸ்டைக், குழந்தைகளுக்கென்று புத்தகம் எழுதத் தொடங்கியதே அறுபது வயதில்தான். ‘ஷ்ரெக்!’ வெளிவந்தபோது எண்பதைத் தாண்டிவிட்டார். யித்திஷ் மொழியில் அச்சொல்லுக்குப் பயம் என்று பொருள்.

கதாநாயகன் பச்சை நிற அரக்கன். பெற்றோர் அவனுக்கு ஓர் உதை கொடுத்து உலகத்தைப் பார்த்துவர அனுப்புகிறார்கள். அவன் வரும் வழியில் மரங்கள் ஒதுங்கிச் சாய்கின்றன. அவனைக் கடித்த பாம்பு தானே செத்துப் போகிறது. குழந்தைகள் தன்னைக் கட்டியணைத்து முத்தமிடுவதாக அவன் ஒரு சொப்பனம் காண்கிறான். அதுதான் அவனுக்குப் பயங்கரச் சொப்பனம்!

புத்தகத்தின் உயிர்நிலை கோட்டைக்குள் இருக்கும் கண்ணாடி மண்டபம். அதில் நுழைந்ததும் நாற்புறமும் கோர உருவங்கள் அவனை முறைக்கின்றன. எதற்கும் அஞ்சாதவன் முதன்முறையாக நடுங்குகிறான். அத்தனையும் தன் பிரதிபிம்பமே என்று மறுகணம் தெரிகிறது. உடனே வெட்கப்படுகிறானா? இல்லை; நான் நானாக இருக்கிறேனே என்று முன்னைவிடப் பூரித்துப் போகிறான்.

நம் வீடுகளில் நடப்பதை இங்கே சற்று நினைத்துப் பார்க்கிறோம். “கறுப்பானாலும் களையான முகம்” என்று குழந்தையின் எதிரிலேயே தேற்றுவோம். தேற்றுகிறவருக்குக் களை பெரிது, குழந்தையின் காதில் தைப்பதோ அந்த “ஆனாலும்.” ஸ்டைக்கின் கதையில் “ஆனாலும்” என்பதே கிடையாது.

2001-இல் வந்த சினிமாவில் அரக்கனுக்கு நல்ல மனத்தையும் தனிமைத் துயரையும் சேர்த்துவிட்டார்கள். படம் ரஸமானதுதான். புத்தகத்து ஷ்ரெக்கோ குடியானவனின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிறவன். அகத்தழகு எங்கே என்று கேட்கும் பெற்றோர் இருப்பார்கள். தன்னைக் கண்டு தானே மகிழத் தெரிந்த அந்த வெள்ளை மனத்துக்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை.

முடிவில் அவனைவிடக் குரூபியான ராஜகுமாரி ஒருத்தி வருகிறாள். ஒருவர் அவலக்ஷணத்தை மற்றவர் செய்யுளில் புகழ்ந்து தள்ள, கல்யாணம் நடக்கிறது. தமிழாக்க முன்வருகிறவருக்குச் சிரமம் அந்தப் பக்கத்தில்தான். வசவுகளுக்கு நம் பாட்டிமாரிடம் பஞ்சமில்லை. அவற்றைக் காதலாகப் பாடும் நிந்தாஸ்துதிக்கு ஒரு காளமேகமல்லவா வேண்டும்!