தொழிற்கல்வியும் முற்கற்கையும்

மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளை நாடும் மாணவர்க்குத் திறமையும் உழைப்பும் மட்டும் போதா. அக்கல்விக்கு முன்னர் எப்பாடங்களை எவ்வொழுங்கிற் கற்றிருத்தல் வேண்டும் என்னும் விதியையும் அவர் உரிய காலத்தில் அறிந்திருத்தல் வேண்டும். அவ்விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். கரவெட்டியிலிருந்து சென்ற நம் பழைய மாணவர் இன்று பல தேசங்களிலும் வாழ்கின்றனர். அவர் அன்போடு கூறும் அறிவுரை ஊருக்கு வந்து சேரும்போது, ஒரு நாட்டு விதி மற்றொரு நாட்டு மாணவரை மயக்குதலும் உண்டு. ஆதலின் இருநாட்டு முறைகளை ஈண்டு ஒப்பு நோக்குவாம்.

இலங்கையிலே மாணவர் பாடசாலையிலிருந்து நேரே மருத்துவ பீடத்துக்குச் செல்கின்றனர். ஆகவே முற்கற்கை முழுவதும் உயர்தர வகுப்பிலேயே நிறைவேறுதல் வேண்டும். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்பன வேண்டும்; பொறியியலுக்கு இணைந்த கணிதம், இரசாயனவியல், பௌதிகவியல் என்பன வேண்டும். இரண்டு பாடங்கள் பொதுவாயினும் மூன்றாவது பாடமே வழியைப் பிரிக்கின்றது. இடையில் மனம் மாறுபவர் அம்மூன்றாவது பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கற்றல் வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே கற்ற மூத்தோர், நான்கு பாட முறை 2000ஆம் ஆண்டளவில் மூன்று பாடமாக மாறியதையும் கருத்திற் கொள்ளுதல் நன்று.

தகுதி வேறு, தெரிவு வேறு என்பதும் உணரத்தக்கது. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியெய்தி, பொதுச் சாதாரண பரீட்சையிற் குறைந்தது 30 புள்ளி பெறுதல் தகுதியாகும். தெரிவோ இசட் புள்ளியின்படி நிகழ்வது. விஞ்ஞானத் துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களுக்கும், 5 இடம் வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன.

நிற்க. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் பெரும்பாலும் முதற் பட்டம் பெற்ற பின்னரே செல்வர். முற்கற்கை பல்கலைக்கழகத்தில் நிகழ்கின்றது. பல மருத்துவக் கல்லூரிகள் உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம் என்பவற்றை ஆய்வுகூடப் பயிற்சியுடன் ஓராண்டு வீதம் வேண்டுகின்றன. சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்றவை காலாண்டு முறையைக் கைக்கொள்வன. அங்கு இலையுதிர், மாரி, இளவேனில் என ஏறத்தாழ 10 வாரம் கொண்ட மூன்று பருவங்கள் சேர்ந்தே ஒரு கல்வியாண்டாகும். அரையாண்டு முறையில் இரு பருவத்தில் முடிவதைக் காலாண்டு முறையில் மூன்று பருவத்திற் கற்றல் வேண்டும். இரண்டோடு நிறுத்துபவர்க்கு ஓராண்டுக் கல்வி நிறையாது. பொது இரசாயனத்தின் பின்னரே சேதன இரசாயனம் வருதலால், முதல் இலையுதிர்ப் பருவத்தைத் தவறவிட்டவர்க்குத் தொடர் முழுவதும் பிந்தவுங் கூடும்.

எனவே, “இப்போது விரும்பியதைப் படி, மருத்துவத்தைப் பின்னர் பார்க்கலாம்” என்று அமெரிக்காவிலுள்ள மாமனார் ஒருவர் கூறின், அவ்வூரில் அது பெரிதும் பொருந்தும். இவ்வூரில் அது கதவை அடைத்துவிடும். “முதலாண்டுதானே, ஆறுதலாகத் தொடங்கலாம்” என்று அங்குள்ள பிள்ளைக்கு நாம் கூறுவதும் அத்தகையதே.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புத் தொடங்குமுன் உள்ள காலமே நம் மாணவர் வழியைத் தேர்தற்குரியது. பெற்றோரும் பிள்ளைகளும் அப்போதே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை ஒருங்கிருந்து படித்தல் வேண்டும். மருத்துவராயும் பொறியியலாளராயும் விளங்கும் பழைய மாணவர் அக்காலத்தில் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, தாம் கற்ற காலத்து விதியை அன்றி இன்றைய விதியை எடுத்துரைப்பின் அது பேருதவியாகும். பதினாறு வயதுப் பிள்ளையின் ஈராண்டு உழைப்பு வழிதவறாமற் காத்தல் நம் அனைவர்க்கும் கடனாம்.