உஷார்! ‘சீட் பிளாக்’ என்று யார் வந்தாலும் சர்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்

ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை பையை இறக்கி வைப்பதற்குள் போன் வந்துவிடுகிறது. பிள்ளையின் பெயர், படித்த பள்ளி, எடுத்த குரூப் எல்லாம் அந்தப் பக்கம் பேசுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. “சீட் வேகமா போயிட்டு இருக்குங்க சார், இப்பவே பிளாக் பண்ணிட்டா நல்லதுங்க.” சூலூர், கலங்கல், கண்ணம்பாளையம், சோமனூர், செலக்கரிச்சல் என்று எங்கள் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் போன் வராத வீடு குறைவு. ரிசல்ட் வந்திருக்காது. கட்-ஆஃப் தெரியாது. அதற்குள் அட்வான்ஸ்!

எங்கள் வீதியில் தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். நல்ல மார்க். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதக் கடைசியில், டீக்கடையில் பார்த்தபோது சந்தோஷமாகச் சொன்னார்.

“தம்பி, புள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு போட்டாச்சுங்க.”

“எந்தக் காலேஜுங்கண்ணா? கவுன்சிலிங் இன்னும் ஆரம்பிக்கலியே?”

“கவுன்சிலிங்கெல்லாம் அலைச்சல், அதுக்குப் பதியவே வேண்டாம்னுட்டாரு சீட் போட்டுக் குடுத்த பையன். நம்மாளு ஒருத்தர் சொல்லித்தான் வந்தாப்ல. பணம் கட்டியாச்சு, சர்டிபிகேட்டும் குடுத்தாச்சுங்க.”

ரசீதைக் காட்டுங்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. ‘ரூ.25,000 பெற்றுக்கொண்டேன்’ என்று நீல மையில் ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. கல்லூரியின் பெயர் இல்லை, சீல் இல்லை, தேதிகூட இல்லை. பணம் போன ஜிபே கணக்கும் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், நான்கும் ஒரிஜினல், ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு போய்விட்டன.

அவர் கொடுத்தது 25,000 ரூபாய் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவத்தில் 2020இல் வந்த இந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் சட்டமானது. இதில் இடம் பெறுகிற பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆனால் கலந்தாய்வு வழியாகப் போனால்தான் கட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த அன்றே அந்த உரிமை போய்விடுகிறது.

அந்தப் பெண் அதில் முன்வரிசையில் நின்றிருப்பாள். நாலு வருஷத்துக்கு வீட்டிலிருந்து ஒரு ரூபாய் போயிருக்காது. தனியார் பொறியியல் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது வருஷம் 85,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 87,000. அந்தக் கணக்குப்படியே நாலு வருஷத்துக்கு 3,40,000 ரூபாய். பஸ், ஹாஸ்டல், அது இது என்று மேலே ஏறுவது தனி. அண்ணன் ரெண்டு தறியை விற்றுத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்தபின் சர்டிபிகேட்டைத் திரும்பக் கேட்டு அவரோடு நானும் அந்தக் கல்லூரிக்குப் போனேன். ரிசப்ஷனில் உட்காரவைத்தார்கள், காபி கொடுத்தார்கள், “முழு ஃபீஸும் கட்டிட்டு வாங்கிக்கங்க” என்றார்கள். அதற்குள் கலந்தாய்வுப் பதிவு முடிந்துவிட்டது. பதிவைத் தவறவிட்டவர்களுக்கும் மூன்று சுற்றுகள் முடிந்தபின் துணைக் கலந்தாய்வு உண்டு. ஆனால் ஒரிஜினல் கையில் இல்லை, கட்டிய பணமும் போய்விடுமே என்ற பயம் வேறு. “உடுங்க தம்பி, ஆனது ஆச்சு” என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் பட்டதாரி சலுகையும் இப்படித்தான் போகிறது. வீட்டில் யாருமே டிகிரி முடிக்காத குடும்பத்தில் முதலில் படிக்கப்போகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அதுவும் கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டும்தான். சூலூர் தாலுகாவில் தறி, பண்ணை, பவுண்டரி, மில் என்று உழைக்கிற எத்தனை வீடுகள் இன்னும் முதல் பட்டதாரிக்காகக் காத்திருக்கின்றன! இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து அந்தச் சான்றிதழ் வந்துவிடும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் சர்வர் நிற்கும், கூட்டம் சேரும். புரோக்கர் நுழைவது அந்த அவசரத்தில்தான்.

“இப்போ விட்டா சீட் கிடைக்காதுங்க” என்பது பச்சைப் பொய். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சிறுபான்மையினர் கல்லூரி அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்தபின் ஆயிரக்கணக்கான இடங்கள் ஆளில்லாமல் காலியாகவே கிடக்கின்றன. உங்கள் பிள்ளை சேராவிட்டால் காலியாகப்போகிற இடத்துக்குத்தான் உங்களிடம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கட்டணக் குழு சொன்னதற்கு மேல் ‘டொனேஷன்’ என்று கேட்டால், அது 1992ஆம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். அதனால்தான் ரசீது நோட்டுத் தாளில் வருகிறது.

இன்னொரு வலை இதைவிட நைசானது. கலந்தாய்வுக்குப் பதிந்த பிள்ளைகளை அது பிடிக்கிறது. “கல்லூரி வரிசை போடுறது கஷ்டமுங்க, நாங்களே ஃப்ரீயா போட்டுத் தர்றோம்” என்று ஒருவர் வருவார். பாஸ்வேர்டைக் கேட்பார், அப்புறம் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்பார். விருப்பப் பட்டியலில் ஒரே கல்லூரியின் குறியீட்டை மட்டும் போட்டு லாக் செய்துவிடுவார். லாக் ஆன பட்டியலை அப்புறம் மாற்ற முடியாது. 190 கட்-ஆஃப் வாங்கிய பிள்ளை 120க்கே கிடைக்கிற கல்லூரியில் போய் விழும். உறவுக்காரரோ, டியூஷன் வாத்தியாரோ, பிரவுசிங் சென்டர் தம்பியோ, யார் கேட்டாலும் அந்த ஓடிபியைக் கொடுக்கக் கூடாது. போட்டுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் அரசு உதவி மையங்கள் இருக்கின்றன. கோவையில் தடாகம் சாலையில் இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கே (ஜி.சி.டி.) போகலாம், காசு கேட்க மாட்டார்கள்.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், அளவே கிடையாது. பத்தோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. போன வருஷம் உங்கள் கட்-ஆஃபுக்கும் உங்கள் பிரிவுக்கும் எங்கே கிடைத்ததோ, அதற்கு மேலும் கீழுமாக நீளமாகப் போடுங்கள். பிடித்ததை மேலே வையுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுக்கொள்கிறீர்களா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கிறீர்களா என்று கேட்கும். கொடுத்த ரெண்டு நாள் கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போகும். அந்த ரெண்டு நாளும் கல்யாணம், கோயில் என்று ஊருக்குப் போகாதீர்கள்.

சரி, கல்லூரியை எப்படிப் பார்ப்பது? அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் நிற்கிற பேனர்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கட்டடம் பாடம் நடத்தாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற 224 கல்லூரிகளில், 353 பேராசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. முறைகேடு நடந்ததை அப்போதைய துணைவேந்தரே ஒப்புக்கொண்டார். அங்கே ஃபீஸ் கட்டிய பிள்ளைகளுக்கு அந்த வகுப்பை யார் எடுத்திருப்பார்கள்? 2025 பிப்ரவரியில், நல்ல கிரேடு கொடுப்பதற்காக லஞ்சம் வாங்கிய வழக்கில், கல்லூரிகளைத் தரம் பிரிக்கிற நாக் அமைப்பின் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. ஆக, பேனரில் போட்டிருக்கிற கிரேடை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள்.

நாக் கிரேடு என்பது மொத்தக் கல்லூரிக்கு. என்.பி.ஏ. அங்கீகாரம் என்பது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி. ‘எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கு’ என்று சொன்னால், உங்கள் பிள்ளை சேரப்போகிற பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருஷம் வரைக்கும் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு வேலை நாளில், மத்தியானம் ஒரு மணிக்கு அந்தக் கல்லூரி வாசலில் போய் நில்லுங்கள். வெளியே வருகிற ரெண்டாம் வருஷப் பிள்ளைகளிடம், “கண்ணு, லேப் ஒழுங்கா நடக்குதா? வாத்தியார் பாதியில விட்டுட்டுப் போறாங்களா?” என்று கேளுங்கள். அட்மிஷன் ஆபீஸ் சொல்லாததை அந்தப் பிள்ளைகள் சொல்லிவிடும்.

பாடப்பிரிவு விஷயத்திலும் ஒரு வார்த்தை. எல்லோரும் கம்ப்யூட்டர், ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று ஒரே வாசலில் நெருக்குகிறார்கள். ஆனால் நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானம் 2018லேயே வந்துவிட்டது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனையம். பம்பு, மோட்டார், பவுண்டரி, நூற்பு இயந்திரம் என்று சுற்றி முழுக்கத் தொழில். இங்கே பிறந்த பிள்ளைக்கு மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் கேவலமாகத் தெரிவது எனக்குப் புரியவே இல்லை. பிள்ளைக்குக் கோடிங் பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்பதற்காக எடுக்கவேண்டாம். நர்சிங், பாராமெடிக்கல் என்று பெங்களூருக்கு அழைத்துப் போகிறவர்களிடம் இன்னும் கூடுதலாக உஷாராக இருங்கள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால், கையில் பேப்பர் இருக்கும், ஆஸ்பத்திரியில் வேலை இருக்காது.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரில் பிள்ளையைக் கண்காணியுங்கள். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை திடீரென்று இங்கிலீஷ் வகுப்பில் உட்காரும்போது, புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வாய்மூடிவிடும். அதுதான் கணக்கில் முதல் அரியர் ஆகிறது. ஒரு அரியர் ரெண்டாகி, ரெண்டு ஆறாகி, வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்து, கடைசி வருஷத்தில் கம்பெனி வரும்போது வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் பரீட்சையே எழுத விடமாட்டார்கள். முதல் மாதத்திலேயே புரியாத பாடத்தை சீனியரிடம், வாத்தியாரிடம், தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிவைத்த தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பிள்ளையின் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் என்று விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டவர்கள் ‘ஆனது ஆச்சு’ என்று உட்காராதீர்கள். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரவேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே உத்தரவு போட்டுவிட்டது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தரவேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. வாயால் கேட்காதீர்கள். விலகுகிறோம் என்று தேதி போட்டு எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணனும் நானும் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்கு 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250 ரூபாய். சந்தேகம் என்றால் 1800-425-0110 என்ற கலந்தாய்வு இலவச எண்ணுக்கோ, 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை எண்ணுக்கோ பேசுங்கள். புரோக்கர் பையன் வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் வீதியில் இந்த வருஷம் ப்ளஸ் டூ எழுதுகிற பிள்ளை இருந்தால், இன்றைக்குச் சாயங்காலமே அந்த வீட்டுப் பெற்றோரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.