வீட்டை மாற்றினால் எது மாறும்?

ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள். மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். உடம்பு ஒரு புள்ளிகூட இல்லாத பால் வெள்ளையாக இருக்க வேண்டும். ஒட்டிய வயிறு, நீண்ட கால், பொன்னிறக் கண் எல்லாம் பொருந்தி வந்தால் அது அசல் குட்டி. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்த நான்கில் ராஜபாளையமும் ஒன்று.

பெற்றோரிடமிருந்து வரும் மரபுப் பண்பையும், பிறந்த பிறகு கற்றுக்கொள்ளும் பழக்கத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட இந்த நாயே போதும். வெள்ளை நிறத்தை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று வந்த மரபணுக்களில் அது எழுதியிருக்கிறது. சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் குட்டி வெள்ளைதான். பெயரைச் சொன்னால் ஓடி வருவதும், தட்டு வைத்ததும் உட்கார்ந்து காத்திருப்பதும் வளர்த்தவர்கள் பழக்கியது.

கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பிறப்பில் வந்தது, அந்தப் பக்கம் பழகி வந்தது என்று எழுத வைப்பதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. ராஜபாளையம், கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனம். எதிரே ஏதாவது ஓடினால் அதன் கால் நிற்காது. முயலையே பார்த்திராத குட்டியும் உருளும் பந்தின் பின்னால் பாயும். அந்த வேகம் பிறவியிலேயே வந்தது. ஆனால் எதைத் துரத்தலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பது வளர்ப்பைப் பொறுத்தது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து நாயினங்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த வாரங்களில் கோழிக்கும் ஆட்டுக்கும் நடுவே வளர்ந்த குட்டியைப் பிற்பாடு அடக்குவது எளிது. அப்படியானால் துரத்துவதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது? கோட்டின் மேல்தான் எழுத வேண்டும்.

ஆகவே பிள்ளைகளிடம் பட்டியலுக்குப் பதில் ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டை மாற்றினால் இது மாறுமா?

குயிலுக்கு இந்தச் சோதனையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுகிறது. காக்கை அடைகாத்து, இரை ஊட்டி வளர்க்கிறது. கண் திறந்த நாள் முதல் குஞ்சு கேட்பது காக்கையின் கரைச்சல். ஆனாலும் வளர்ந்த ஆண்குயில் கூவத்தான் செய்கிறது. வீடு மாறியும் குரல் மாறவில்லை.

கிளிக்கு விடை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்குத் தினமும் இலைகளாலும் மாதுளம்பூவாலும் புதுக்கிளி செய்கிறார்கள் என்பதால், அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கிளியைப் பற்றிப் பேச்செடுத்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். வெனிசுவேலாவில் சிறு கிளியினம் ஒன்றின் முட்டைகளை ஆய்வாளர்கள் கூடு விட்டுக் கூடு மாற்றி வைத்தார்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயர் போலத் தனி அழைப்பொலி உண்டு. அது பெற்றவர்களின் ஒலியை ஒத்திருக்குமா, வளர்த்தவர்களின் ஒலியை ஒத்திருக்குமா? வளர்த்தவர்களுடையதைத்தான் ஒத்திருந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது.

மனிதப் பேச்சும் கிளி வழிதான். ராஜபாளையத்தில் ராஜு சமூகத்தினர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதே வீட்டுக் குழந்தை தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தமிழில் சண்டை போடும். பேசும் திறன் எல்லாக் குழந்தைக்கும் பிறவியிலேயே உண்டு. எந்த மொழி என்பதைக் காதில் விழுவது தீர்மானிக்கிறது.

இதைப் பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 'ரத்தத்திலேயே ஊறியது' என்ற பேச்சு நம் ஊரில் நாயோடு நிற்பதில்லை, மனிதர்களின் தொழில்மீதும் படிப்புமீதும் ஏறிவிடுகிறது. தறி நெய்வது, தச்சு வேலை, மண் வனைவது எல்லாம் கைபழகிக் கற்றவை. அவற்றில் எதற்கும் தனி மரபணு கிடையாது. 1953இல் சென்னை மாநிலத்தில், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. மறு ஆண்டே முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். அவர் பிறந்த விருதுநகர் ராஜபாளையத்திலிருந்து தூரமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒன்று. வகுப்பில் நாக்கைச் சுருட்டச் சொல்லி, இது அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்று காட்டுவதை விட்டுவிடுங்கள். 1940இல் ஸ்டர்ட்டவன்ட் என்ற மரபியல் அறிஞர் அப்படிச் சொன்னார். 1952இல் ஒட்டுமொத்த மரபணுவும் ஒன்றாயிருக்கும் இரட்டையர்களைச் சோதித்தபோது, சில ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஸ்டர்ட்டவன்ட்டே பின்னாளில் தன் கருத்தை விட்டுவிட்டார். 'எனக்கு மட்டும் ஏன் வரவில்லை' என்ற சந்தேகத்தோடு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

மறுபடி நாய்க்கு வருவோம். ராஜபாளையம் குட்டிகளில் சில, எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. திமிர் பிடித்தது, மண்டு என்று அடி விழும். உண்மையில் அதற்குக் காது கேட்பதில்லை. கரு வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. தோலுக்குப் போனவை நிறம் தருகின்றன. உட்செவிக்குப் போனவை அங்குள்ள திரவத்தில் பொட்டாசியம் அளவைக் காக்க உதவுகின்றன. வெள்ளை நாய்கள் சிலவற்றில் அவை காதுவரை போய்ச் சேருவதில்லை. பிறந்த சில வாரங்களில், ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் மடிந்துவிடுகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை. டால்மேஷியன் நாய்களிடமும் இதே குறை உண்டு. புள்ளியில்லாத வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நாம் பொறுக்கியெடுத்த அழகோடு செவிட்டுத்தன்மையும் கூடவே வந்தது. அந்த நிறத்துக்காக ஒரே வம்சத்துக்குள் இணை சேர்ப்பதை இனியாவது நிறுத்த வேண்டும்.

அந்தக் குட்டியால் கற்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். கை தூக்கினால் உட்கார், விரல் அசைத்தால் வா என்று பழக்கினால் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். காது கேளாமை பிறவியில் வந்தது, கைச்சாடை கற்றது. இரண்டும் ஒரே நாயிடம் இருக்கின்றன.

மனிதக் குழந்தைக்கும் காதுக் குறை மரபில் வரலாம். நன்றாகக் காது கேட்கும் தாயும் தகப்பனும் பழுதான ஒரே மரபணுவை ஆளுக்கொன்றாகச் சுமந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அப்படி இருவர் சேர்வது அதிகம். குறை பிறவியில் வந்தாலும் பேச்சைக் கற்க வழி உண்டு, ஆனால் மூளை அதைப் பழகுவது முதல் சில ஆண்டுகளில்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் உங்கள் குழந்தை திரும்பவில்லையா? பிடிவாதம் என்று அதட்டாதீர்கள், தானாகச் சரியாகும் என்று முதல் பிறந்தநாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.