பதினேழு பேர்தானே!



முதலாண்டு படிக்கும்போது எனக்கு மலேரியா வந்தது. ரெண்டு போர்வை போர்த்தியும் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பதினாலு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில நாளிலேயே காய்ச்சல் விட்டது. ‘அதான் சரியாப் போச்சே’ என்று மீதி மாத்திரையை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். சில மாதம் கழித்து, சரியாகப் பரீட்சை சமயத்தில் மறுபடியும் படுத்தேன்! எனக்கு வந்தது வைவாக்ஸ் என்ற வகை. அந்தக் கிருமி ஈரலில் பதுங்கிக் கிடந்து மீண்டும் கிளம்புமாம்.

நான் செய்த இதே தப்பை ஒரு நாடே செய்தது என்றால் நம்புவீர்களா? நம் பக்கத்துத் தீவான இலங்கைதான் அது.

1934-35ல் அங்கே மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் அனாபிலஸ் கொசு பெருகியது. மலேரியாவுக்கு ஏறக்குறைய 80,000 பேர் பலியானார்கள். பின்னர் டி.டி.டி. வந்தது, வீட்டுச் சுவர்களில் தெளித்தார்கள். 1963ல் நாடு முழுவதும் நோயாளிகள் வெறும் 17 பேர்! ‘பதினேழு பேர்தானே’ என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். விளைவு? 1969ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா.

அடிபட்ட பிறகு விடவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், நடமாடும் மருத்துவக் குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய் ரத்தம் சோதித்தன. மருந்து தோய்த்த கொசுவலைகள் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் வேலை நடந்தது. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை என்ற நிலை வந்தது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ‘மலேரியா ஒழிந்த நாடு’ என்று சான்று அளித்தது.

இந்தத் தடவை ‘முடிஞ்சுது’ என்று கடையைக் கட்டவில்லை. கண்காணிப்பு தொடர்ந்ததால்தான், அதே 2016 இறுதியில் மன்னார்க் கிணறுகளில் ஸ்டீபன்சி என்ற புதுவகைக் கொசு பிடிபட்டது. நமக்கு அது புதுசல்ல. சென்னையில் மலேரியா பரப்புவதே அதுதான். கிணறும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் அதன் பிறந்தகம்!

சிவில் தோழர்களே, நாளை நீங்கள் கட்டும் தொட்டிக்கு இடுக்கில்லாத மூடி போடுங்கள். வழிந்தோடும் குழாய்க்கு வலை கட்டுங்கள். மற்ற தோழர்களுக்கு ஒரே வேண்டுகோள்: மாத்திரையை முழுசா முடிங்க!