குமிழிகளும் வரைகோடும்: ஒளிச்சேர்க்கையை அளத்தல்

பசுந்தாவரங்கள் ஒளியின் துணைகொண்டு கரியமில வாயுவையும் நீரையும் உணவாக மாற்றிப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பதை மாணவர் யாவரும் அறிவர். ஆயினும், ஒரு செயல் நடைபெறுகிறது என்பதை அறிவது வேறு. எவ்வளவு வேகத்தில் நடைபெறுகிறது என்பதை அறிவது வேறு. பின்னதற்குக் குளத்து வேலம்பாசி, ஒரு கண்ணாடிக் குவளை, மின்விளக்கு, அளவுகோல், கடிகாரம் ஆகியவையே போதுமானவை. ஹைட்ரில்லா எனப்படும் இச்செடியைக் கொண்டே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஒளிச்சேர்க்கை ஆய்வுகளை நடத்தி, 1924-இல் நூலாக வெளியிட்டார்.

புதிதாக வெட்டிய தண்டின் வெட்டுமுனை மேல்நோக்கியிருக்குமாறு அதனை நீரில் அமிழ்த்தி வைத்தால், அம்முனையிலிருந்து குமிழிகள் எழும். விளக்கை 40, 30, 20, 15, 10 செ.மீ. தொலைவுகளில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் காத்திருந்த பின்னரே எண்ணத் தொடங்குதல் வேண்டும். மூன்று முறை எண்ணிச் சராசரி காண்பது நலம். விளக்கின் வெப்பம் முடிவைத் திரித்துவிடாதிருக்க, இடையே நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைக்கலாம்.

இனி வரைபடம். தொலைவையே கிடை அச்சில் குறிப்பது எளிது; ஆனால் பயன் குறைவு. தொலைவு பாதியானால் ஒளிச்செறிவு இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். எனவே 40 செ.மீ.யில் ஒளியை 1 எனக் கொண்டால், 20-இல் அது 4, 10-இல் 16. இம்மூன்றிலும் நிமிடத்திற்கு முறையே 6, 22, 30 குமிழிகள் எழுந்தன என வைத்துக்கொள்வோம். ஒளி முதலில் நான்கு மடங்கானபோது விளைவும் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மீண்டும் நான்கு மடங்கானபோதோ, விளைவு மூன்றிலொரு பங்கைவிடச் சற்று மிகுதியாகவே உயர்ந்தது. கோடு வளைந்து, படுக்கத் தொடங்கிவிட்டது.

ஏன்? ஒளி இப்போது பற்றாக்குறைப் பொருளன்று. கரியமில வாயுவே பற்றாக்குறை. நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவைக் கரைத்து மீண்டும் எண்ணினால், கோடு மேலும் உயர்ந்த பின்னரே படுக்கும். ஆங்கிலேய அறிஞர் பிளாக்மன் 1905-இல் விளக்கிய வரம்புக் காரணிக் கொள்கை இதுவே. பொருளாதாரம் பயின்றோர்க்கு இது புதிதன்று. நீர் எட்டாத வயலில் உர மூட்டைகளைக் கூட்டிக்கொண்டே போகும் திட்டத்தின் வரைகோடும் இவ்வாறே படுத்துவிடும். எவ்வளவு வழங்கினோம் என்று மட்டும் எழுதும் அறிக்கையில் அந்த வளைவு தென்படுவதில்லை.

குமிழிகள் யாவும் ஒரே அளவினவல்ல. அவற்றிலுள்ளது தூய பிராணவாயுவுமன்று. செடியின் சுவாசத்தில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. ஆகவே சில புள்ளிகள் கோட்டைவிட்டு விலகியே நிற்கும். அழகிய கோட்டுக்கு மதிப்பெண் வழங்கும் பழக்கம் (அலுவலகங்களிலும் இது இல்லாமலில்லை) அப்புள்ளிகளை அழித்துவிடத் தூண்டுகிறது. அழித்தலாகாது. தண்டு நசுங்கியதா, மின்னழுத்தம் குறைந்ததா என்று அதனருகே ஒரு வரி எழுதிவைத்தால், மறுநாள் எந்தத் தொலைவில் மீண்டும் எண்ண வேண்டும் என்பது தெளிவாகும்.